அண்ணாந்து குடித்த சாகே

எழுபதுகளில் சிட்னியில், ஒரு ஜப்பானிய உணவகத்தில் பரிமாறும் வேலை கேட்டுப் போனேன். கிடைக்காவிட்டால் அந்த வாரமே அறையைக் காலி செய்ய வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் என்ற திமிரில், சாகே என்னும் அரிசி மது பற்றி எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

முதலாளி அம்மா சின்னக் கோப்பையில் சூடாக ஊற்றி, "இதற்கு எந்த மீன் பொருந்தும்?" என்றார்.

வாய் படாமல் குடித்தே பழகியவள் நான். அண்ணாந்து ஊற்றினேன். புரையேறி, சட்டை நனைந்தது.

அங்கே வேலை செய்த ரதி அக்கா, "என்ன பிள்ளை, கிணத்தடியில தண்ணியோ குடிக்கிறீர்?" என்றார்.

"எனக்கு ஒன்றும் தெரியாது. பொய் சொன்னேன். போக வேறு இடமில்லை" என்று முதலாளி அம்மாவிடம் அழுதேன்.

அவர் மறுபடி ஊற்றி, சுட்ட மீனும் வைத்தார். மீனில் ஒரு துண்டு தின்று, வாய் வைத்துக் குடித்தேன்.

"மீனின் உப்பு அடங்கி, சாகே சோறு போல இனிக்கிறது" என்றேன்.

"அதையே விருந்தினரிடம் சொல். நாளை வா."

படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, தெரியாது என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. அன்று சொல்ல வைத்தது பயம்தான், நேர்மை அல்ல.