கட்டாத பாலத்துக்கு ஒரு பதக்கம்

அன்புள்ள உறவினர்களுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும்,

இந்த நினைவு மலரோடு ஒரு பதக்கமும் உங்கள் கைக்கு வந்திருக்கும். பித்தளையில் செய்து, தங்க நிறத்தில் முலாம் பூசி, நடுவில் அண்ணனின் முகம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு முகம். முதலாண்டு நினைவுக்காக எங்கள் மாமா செய்வித்தது. அண்ணன் இருந்தவரை அவர் சேர்த்த பதக்கங்களை ‘ஓட்டை உடைசல்’ என்று வாய் ஓயாமல் சொன்னவரும் இதே மாமாதான். அம்மாவின் தம்பி, வயதில் பெரியவர், ஆகவே இப்போதைக்கு இவ்வளவு போதும். எனக்கு இந்த மலரில் மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். “நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா” என்றார் மாமா. நல்லதையும் எழுதுகிறேன்.

அண்ணன் சைதாப்பேட்டையில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். அண்ணன் பள்ளி இறுதித் தேர்வு எழுதிய கோடையில் அப்பா காலமானார். கல்லூரிக்குப் போக வேண்டிய பிள்ளை கிண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அவரைவிடப் பதினோரு வயது இளையவளான என்னைப் படிக்க வைத்து ஆசிரியை ஆக்கியவர் அவர்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் அஸ்தினாபுரத்தில் மனை வாங்கி, ஓட்டு வீடு கட்டி, கிணறும் வெட்டினார். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு குரோம்பேட்டை ஸ்டேஷன் வரை சேற்றில் நடப்பார். தனக்கென்று ஒரு நல்ல சட்டை தைத்துக்கொண்டதில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாததைத்தான் நான் சொல்ல வேண்டும்.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில், சான்றிதழ்களுக்கு அடியில், அரை ரூபாய் அகலத்தில் ஒரு தகடு கிடந்தது. யாரோ ஒரு ராஜா முடிசூடியபோது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பதக்கம். அம்மா அதைக் குப்பையில் போடச் சொன்னார். அண்ணன் போடவில்லை. இதை யார் அடித்தார்கள், எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள், மற்றவை எங்கே போயின என்று கேட்க ஆரம்பித்தார். அந்தக் கேள்வி பதினைந்து ஆண்டுகளில் இருநூற்றுப் பன்னிரண்டு பதக்கங்களாகவும் நான்கு தடித்த நோட்டுகளாகவும் வளர்ந்தது.

வெள்ளிக்கிழமை என்றால் அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு. பல்லாவரம் சந்தையில் பழைய சாமான் கடைகளின் முன்னால் குந்திவிடுவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். “இன்னா சார், இந்தத் துண்டு தகரத்த ஒரு மணி நேரமா பாத்துகினு கீறே, அதுல இன்னா சினிமாவா ஓடுது?” என்றார் கடைக்காரர். அண்ணன் சிரித்துக்கொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பதக்கத்தைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்தில் இருந்த பொடி எழுத்துகளைக் காட்டி விளக்கினார். வீட்டில் ஒரு நாளும் எங்களுக்கு அப்படி விளக்கியதில்லை. “பெட்டியைத் தொடாதே” என்பார், அவ்வளவுதான். ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை.

அவர் கண்டுபிடித்ததிலேயே பெரியது நூற்று நாற்பதாம் எண் பதக்கம். கேளம்பாக்கத்துக்கு அருகே கால்வாயின் மேல் பாலம் திறந்ததன் நினைவாக அடித்தது. ஒரு பக்கம் பாலத்தின் படம், மறுபக்கம் ஒரு துரையின் பெயர். அந்தப் பாலத்தைப் பார்க்கவென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். வெயிலில் கால்வாய்க் கரையோரம் நடந்து நடந்து எனக்குக் கால் கொப்புளித்துவிட்டது. உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரைக் கேட்டோம். “பாலமா? இங்க ஏதுப்பா பாலம்? எங்க பாட்டன் காலத்துலேர்ந்து படகுதான்” என்றார். அண்ணன் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பி எனக்குக் காட்டினார். ஊசியால் கீறியது போல, கறுப்பேறியதால் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்த நான்கு சொற்கள். ‘பாலம் எழவில்லை; பதக்கம் எழுந்தது.’ அதை அடித்த தட்டானோ, வாங்கிய குமாஸ்தாவோ, யாரோ ஒருவர் வயிறெரிந்து கீறி வைத்தது. அன்று கால்வாய்க் கரையில் அண்ணன் வாய்விட்டுச் சிரித்ததைப் போல நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் அருங்காட்சியக அதிகாரிக்கு அண்ணன் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது. நேரில் வந்து பார்ப்பதாகவும், திருப்தியாக இருந்தால் பதக்கங்கள் அனைத்தையும் ஒரே இடத்தில் அண்ணன் பெயரோடு வைத்து, அவருடைய குறிப்புகளையும் அச்சிட ஏற்பாடு செய்வதாகவும் அவர் எழுதியிருந்தார். அண்ணன் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஒரு வாரம் அலுவலகம் போனார்.

அவர் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில், அவரை அழைத்துவர அண்ணன் எழும்பூருக்குக் கிளம்பினார். முதல்முறையாகப் பெட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். “மேஜையில வெள்ளை வேட்டிய விரிச்சு, நோட்டுல இருக்கிற நம்பர்படி வரிசையா வை. ஒண்ணும் மாறிடக் கூடாது, என்ன?” என்றார். நான் நோட்டைத் திறந்தேன். எண்களை மட்டும் பார்த்தேன்.

வெள்ளை வேட்டியின் மேல் அந்தப் பதக்கங்கள் எல்லாம் கரி பிடித்துக் கிடந்தன. எட்டிப் பார்த்த அம்மா தலையில் கை வைத்தார். “என்னடி இது, அடுப்புல கிடந்தது மாதிரி? பெரிய ஆபீசர் வர்றாரு. பொம்பளைங்க மூணு பேர் இருக்கிற வீட்டுல இப்படியா சாமானை வச்சிருப்பாங்கன்னு நெனைக்க மாட்டாரு?” விருந்தாளி வருவதற்கு முன் குத்துவிளக்கையும் குடத்தையும் துலக்கி வைக்கிற வீடு எங்களுடையது. அண்ணி மட்டும், “அவர் தொடக் கூடாதுன்னு சொல்லுவாரே, வேணாம்” என்றார். “நீங்க சும்மா இருங்க அண்ணி, அண்ணா வந்து பாத்தா அசந்துடுவாரு” என்று சொன்னது நான்தான். புளியும் செங்கல் தூளும் எடுத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தேன். அம்மா சற்று நேரத்தில் சமையலுக்கு எழுந்து போய்விட்டார். அண்ணி பதக்கங்களைத் தொடவே இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டையும் தேங்காய் நாரால் நானே தேய்த்தேன். மேஜையில் அடுக்கியபோது அப்படிப் பளபளத்தன. எனக்கு ஒரே பெருமை.

அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மேஜையைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். செங்கல் தூள் ஏறி இரண்டு கையும் சிவந்திருந்தன. பின்னாலேயே அதிகாரியும் உள்ளே வந்தார்.

அதிகாரி நாலைந்து பதக்கங்களை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ராஜாக்களுக்கு மூக்கு மழுங்கியிருந்தது. நூற்று நாற்பதை வெகுநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “விளிம்புல எழுத்து இருக்குன்னு எழுதியிருந்தீங்க. ஒண்ணும் இல்லையே சார்?” என்றார். அப்புறம், “யாரு இதையெல்லாம் துலக்கினது?” என்று கேட்டார்.

“நான்தான் சார்” என்றார் அண்ணன்.

“பதினஞ்சு வருஷமா இதைப் படிக்கிறேன்னு எழுதினது நீங்கதானே? படிச்சவர் செய்யற காரியமா இது?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். நாலு எட்டு வைத்து வெளியே வந்து “நான்தான் துலக்கினேன்” என்று சொல்லியிருந்தால் போதும். பதக்கங்கள் போனாலும் நோட்டுகளாவது பிழைத்திருக்கும், எழுதியவருக்கு விஷயம் தெரியும் என்றாவது அவர் நம்பியிருப்பார். நான் சொல்லவில்லை. அதிகாரி நோட்டுகளைப் புரட்டக்கூட இல்லை, காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பூட்டிய பெட்டியை அண்ணன் புதிய பதக்கம் வைக்க மறுபடி திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடுப்பும் நின்றது. ஆனால் விஷயம் உறவு முழுக்கப் பரவியது. எந்தக் கல்யாணப் பந்தியிலும் மாமா, “மாப்ளே, துலக்கி முடிச்சியா? எங்க வூட்டு அண்டா ஒண்ணு கீது, எடுத்துக்கினு வரட்டா?” என்பார். பந்தியே சிரிக்கும். அண்ணனும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பார். ஒருமுறை நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

கடைசி மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். சாப்பாட்டுத் தட்டு வந்தால் முதலில் கவிழ்த்துப் பார்த்து, அடியில் என்ன முத்திரை இருக்கிறது என்று படிப்பார். சொல்லிவிடலாம் என்று தினமும் போவேன். “அண்ணா, அன்னைக்கு…” என்று ஒரு நாள் ஆரம்பித்தேன். “ஸ்கூலுக்கு நேரமாகல உனக்கு?” என்றார். அதற்கு மேல் எனக்கும் தைரியம் வரவில்லை.

இறுதி ஊர்வலத்துக்குப் பல்லாவரத்துக் கடைக்காரர் மாலையோடு வந்திருந்தார். “ஒரு தபா நான் ஒரு பதக்கத்தத் தேச்சி வெச்சிருந்தேம்மா. சாரு ரெண்டு வாரம் எங்கூடப் பேசல. அந்தக் கறுப்புதான் அதுக்குத் தோலு, உரிச்சா போச்சுன்னாரு” என்றார். சந்தைக் கடைக்காரருக்குத் தெரிந்தது, கூடப் பிறந்தவளுக்குத் தெரியவில்லை. முதல் நோட்டின் முதல் பக்கத்திலேயே அதே விஷயம் அண்ணன் கையெழுத்தில் இருக்கிறது. காரியங்கள் முடிந்த பிறகுதான் படித்தேன். நான்கு நோட்டுகளிலும் ஒவ்வொரு பதக்கத்துக்கும் கீழே சிவப்பு மையில் பின்னாளில் ஒரு சொல் சேர்த்திருக்கிறார்: ‘துலக்கப்பட்டது.’ இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களிலும் அதே சொல்தான். யார் துலக்கியது என்று ஓர் இடத்தில்கூட எழுதவில்லை.

நான் எழுதிவிட்டேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் பெயரை. எழுதி முடிக்க நான்கு நாளாயிற்று. மாமாவும், பந்தியில் சிரித்த எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும்: அண்ணனுக்கு எல்லாம் தெரியும். தெரியாதவள் நான்.

நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. ஐந்தாறு ஆண்டுகள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்த அண்ணிக்கு நன்றி. அண்ணனோடு பேசுவதற்கு வாரா வாரம் ஓர் இடம் கொடுத்த பல்லாவரத்துக் கடைக்காரருக்கு நன்றி. மருத்துவமனையில் தட்டைக் கவிழ்த்துக் கொட்டினாலும் கோபிக்காத நர்ஸ் அம்மாவுக்கு நன்றி. பதக்கம் செய்வித்த மாமாவுக்கும் நன்றி. அதில் அண்ணன் பிறந்த ஊர் தாம்பரம் என்று தப்பாக இருக்கிறது. அண்ணன் இருந்தால் அந்தத் தப்புக்காகவே இதை ஆசையாகச் சேர்த்திருப்பார். நான்காம் நோட்டில் இருநூற்றுப் பதின்மூன்று என்று எண் போட்டு நானே பதிந்திருக்கிறேன்.

உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். இந்தப் பதக்கத்தைக் கண்ணாடிப் பீரோவில் வைத்தாலும் சரி, பரணில் போட்டாலும் சரி. ஒன்றிரண்டு வருடத்தில் முலாம் போய்க் கறுக்க ஆரம்பிக்கும். பொங்கலுக்குப் பாத்திரங்களோடு சேர்த்து எடுத்து வைத்துக்கொண்டு புளியைத் தேடாதீர்கள். கறுக்கட்டும், விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கை
அஸ்தினாபுரம்