கேரம் பலகையில் பதினெட்டு எழுத்து

மரவள்ளி மாவுக்கு ஒரு புளித்த வாடை உண்டு. எத்தனை நாள் வெயிலில் காய்ந்தாலும் போகாது. போரில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில், காஜா பெராங்கில் எங்கள் வீடு முழுக்க அந்த வாடைதான். கஞ்சியிலும் அதுதான், என் தங்கை செல்லத்தின் விரல் நுனியிலும் அதுதான். இன்றைக்கும் கடையில் அந்த மாவுப் பொட்டலம் கண்ணில் பட்டால் நான் அடுத்த வரிசைக்குப் போய்விடுவேன்.

அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பட்டாளம் குடியேறியிருந்தது. மரவள்ளிக் கிழங்கை நாங்கள் "ஊபி" என்போம். அதைத் தோண்ட விடிந்ததும் புக்கிட் காதில் பக்கம் போகும் அம்மா பொழுது சாயத்தான் திரும்புவாள். புறப்படும்போது தினமும் ஒரே பேச்சு: "எவன் ஆண்டா என்ன, எம்புள்ள எழுத்து தெரியாம வளரக்கூடாது. நீதான்டி அவளுக்கு வாத்தியார்." வாத்தியாருக்கு வயது பதினொன்று, படிப்பு நாலாம் வகுப்போடு சரி. செல்லத்துக்கு ஐந்து வயது. சிலேட்டும் இல்லை, புத்தகமும் இல்லை. வீட்டில் மிச்சம் இருந்தது அப்பாவின் கேரம் பலகை ஒன்றுதான்.

கறுப்பும் வெள்ளையுமாகக் காய்கள் பதினெட்டு, மெய்யெழுத்தும் பதினெட்டு. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே, தலைகால் புரியவில்லை! ஒவ்வொரு காயிலும் ஆணியால் ஓர் எழுத்தைக் கீறினேன். மிஞ்சிய சிவப்புக் காயில் ஆய்த எழுத்து. குழியில் விழுந்த காயை எடுத்து எழுத்தைச் சொல்லி, அந்த எழுத்து வரும் ஒரு சொல்லையும் சொல்ல வேண்டும். செல்லம் சொன்னதெல்லாம் தின்பண்டம்தான். "ச்" என்றால் அச்சுமுறுக்கு, "ப்" என்றால் அப்பம், "ட்" என்றால் லட்டு. லட்டை அவள் கண்ணால் பார்த்தே எத்தனை நாளோ, பாவம்.

பலகை வழுக்குவதற்கு மரவள்ளி மாவைத் தூவினேன். சரியாகச் சொன்னால் பரிசும் உண்டு: காயில் ஒட்டிய மாவை அவள் நக்கிக்கொள்ளலாம். நான் வைத்த சட்டம் அது. பசித்த பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? ஒரு மாதத்துக்குள் பதினெட்டும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

ஒரு சாயங்காலம் அம்மா மாவு டின்னைத் திறந்து பார்த்துவிட்டாள். "ஏண்டி, கஞ்சிக்கு வச்ச மாவைப் பலகையிலயா கொட்டுறே? இனிமே ஒரு சிட்டிகை தொட்டே, கையை முறிச்சிருவேன்." அவள் கோபம் நியாயம்தான். ஆனால் மறுநாள் மாவில்லாமல் காயும் நகரவில்லை, செல்லமும் பாடத்துக்கு உட்காரவில்லை. அப்பாவின் பெட்டியைக் குடைந்தேன். கேரத்துக்கென்று அவர் வாங்கி வைத்திருந்த போரிக் பவுடர் டின் அடியில் கிடந்தது. மாவு மாதிரியே வெள்ளை வெளேரென்று இருந்தது. வகுப்பு தப்பித்தது என்று துள்ளினேன்.

"இது மாவு இல்லை, நக்காதே" என்று அவளிடம் சொன்னேனா? சொன்னேன் என்றுதான் வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை, சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் பாடத்துக்கு வந்திருக்க மாட்டாள், அது எனக்குத் தெரியும். "நல்லாவே இல்லக்கா" என்று முகத்தைச் சுளித்தாள், ஆனாலும் நக்கினாள். அது விஷம் என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது.

நாலாம் நாள் வாந்தி, வயிற்றுப்போக்கு. உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரெசர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். அவர் வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை என்னம்மா சாப்பிட்டுச்சு?" என்று கேட்டார். "நாங்க குடிக்கிற ஊபிக் கஞ்சிதாங்க" என்றாள் அம்மா. நான் கதவோரம் நின்றிருந்தேன். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டிருந்தது. ஆனால் அடிக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மதியத்துக்குள் செல்லம் போய்விட்டாள்.

ஜப்பான்காரனும் போனான், அப்பா வரவில்லை. என் கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். அவள் கை நிற்கவில்லை. "மாவைத் தொடாதேன்னு சொன்னவ நான்தானே" என்றாள். "நீ சின்னப் பொண்ணு. எழுந்திரு, உலையைப் பாரு." சாகும்வரை அந்தப் பழியை அவள் எனக்கு விட்டுத்தரவே இல்லை.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். செல்லத்துக்கு ஒரு படம்கூடக் கிடையாது. அவள் முகத்தைப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான். பேரப்பிள்ளைகள் தமிழ்ப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் மடிக்கு வருவார்கள், எழுத்துச் சொல்லித்தரச் சொல்லி. கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி, அவர்களை அவர்கள் அம்மாவிடம் அனுப்பிவிடுவேன்.