முதல் மணியிலேயே எடுப்பார்

பன்னிரண்டாம் வகுப்பில் கணினி செய்முறைத் தேர்வுக்கு முன் பத்து நாள் விடுமுறை விட்டிருந்தார்கள். சூலூரில் எங்கள் வீட்டில் இருந்த கம்ப்யூட்டர் சித்தப்பா கொடுத்தது. அவர் கோயமுத்தூரில் சாப்ட்வேர் கம்பெனியில் இருந்தார். அதிலிருந்த, புரோகிராம் எழுதி ஓட்டும் கம்பைலர் அவர் கல்லூரியில் படித்த காலத்தது. நீலத் திரை, மவுஸ் ஒழுங்காக நகராது. உலகம் அதைக் கைவிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. எங்கள் பள்ளிக்கூடம் விடவில்லை. தேர்வும் அதில்தான்.

மாதிரித் தேர்வில் நான் தேறவில்லை. இதிலும் போனால் தறிக்குடோனுக்கு வந்துவிடு என்று அப்பா சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஐந்து பாட மதிப்பெண்களைக் கூட்டும் புரோகிராம். பிழை எதுவும் காட்டாமல் ஓடியது. விடை மட்டும் சம்பந்தமில்லாத எண்ணாக வந்தது. பகல் பதினோரு மணிக்கு அம்மாவின் போனில் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"படி கண்ணு. புள்ளி, கமா எல்லாம் சேர்த்துப் படி."

வரி வரியாகப் படித்தேன். அந்தப் பக்கம் யாரோ "பல்லடம், பல்லடம்" என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

"ஃபார் வரிக்குப் பின்னாடி செமிகோலன் போட்டுட்டியா? அதை எடு. அங்கயே எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு அது நெனச்சுக்குது."

எடுத்தேன். கூட்டல் சரியாக வந்தது.

அதன்பிறகு தினமும் மூன்று நான்கு தடவை கூப்பிட்டேன். அப்புறம் பேசலாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. புதிய கம்பைலர்களைப் பற்றிக் கேட்டபோது மட்டும், அதெல்லாம் எனக்கே வராது, இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்றார். பெரிய ஆட்களின் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவில் பக்கம் குலதெய்வத்துக்குக் கெடாவெட்டு. பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் சித்தப்பாவும் சித்தியும். படிப்பைப் பற்றி யாரோ கேட்க, நான் நன்றியை ஊரறியச் சொல்ல நினைத்தேன்.

"சித்தப்பாதானுங்க சொல்லித் தர்றாரு. பகல் பதினோரு மணிக்குக் கூப்பிட்டாலும் மொத மணியிலயே எடுத்துருவாரு."

சித்தி என்னைப் பார்த்தாள்.

"பகல்லயா அம்மணி? ஆபீசுக்குள்ள போனையே உட மாட்டாங்கன்னாரே?"

சித்தப்பா இலையைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அப்பா, சோறு ஆறுதுங்க, சாப்பிடுங்க என்று பொதுவாகச் சொன்னார். குழம்பு சரியில்லை போல என்று நான் நினைத்தேன்.

பிற்பாடு டிப்ளமோவைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் ஊராக வேலைக்குப் போனேன். வேலை போனதை வீட்டில் சொல்லாமல் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தால் கை எவ்வளவு வேகமாகப் போகும் என்று இப்போது தெரியும்.

அன்றைக்குத் தெரியாது. தேர்வில் என் புரோகிராம் முதல் தடவையே சரியாக ஓடியது. வீட்டுக்கு வந்ததும் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். மணி முழுக்க அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டேன்.

இன்றைக்கு ஆபீசில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன்.