அண்ணி பாதியில் எழுந்துபோன படம்

என் அண்ணி ஒரு டம்ளர் தேநீரை முழுதாகக் குடித்து நான் பார்த்ததில்லை. அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவர் மீதி வைத்த டம்ளர்களைத் தேடிப் பிடித்துக் கழுவுவது அன்றிலிருந்து என் வேலை. ஜன்னல் திட்டில் ஒன்று இருக்கும், தையல் மெஷின் மேல் ஒன்று இருக்கும். ஒருமுறை அலமாரியைத் திறந்தால் மாவு டின்னுக்குப் பின்னால் ஒன்று, மேலே ஆடை கட்டி நின்றது.

சோம்பல் என்று சொல்ல முடியாது. ஒரு வாய் குடிப்பார், அதற்குள் வேறொன்று ஞாபகம் வரும், எழுந்துவிடுவார். அதைச் செய்யும்போது இன்னொன்று. அண்ணன் கேலி செய்வார். "கல்யாணத்தன்னைக்கே பாதியில எழுந்து போகப் பார்த்தா. நான்தான் கையைப் பிடிச்சு உக்கார வெச்சேன்."

"பிடிக்காம விட்டிருந்தா தப்பிச்சிருப்பேன்" என்பார் அண்ணி, அடுத்த அறையிலிருந்து.

வீட்டில் இது சிரிப்பாகப் போனது. வேலையில் அப்படிப் போகவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், கருவி அறையில் வேலை செய்கிறோம். அண்ணிதான் அந்த அறைக்குப் பொறுப்பு. நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள், துடைக்கிற வேலைக்கு அவர் சேர்த்துவிட்டார். ஆபரேஷன் முடிந்து வரும் கத்தரிகள், இடுக்கிகள், கொக்கிகள் எல்லாவற்றையும் கழுவி, நீள மேஜையில் பரப்பி, பட்டியலோடு சரிபார்த்து, தட்டில் அடுக்கி, துணியில் கட்டி, கிருமி சாக ஆவிப்பெட்டிக்குள் வைக்க வேண்டும். கட்டிய பிறகு யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒன்று குறைந்தால் மேலே ஆபரேஷன் அறையில் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு டாக்டர் கையை நீட்டும்போதுதான் தெரியும்.

அந்த வருடம் இரண்டு முறை அப்படித் தெரிந்தது. இரண்டாவது முறை பெரிய சிஸ்டரே கீழே இறங்கி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மூணாவது தடவை வந்தா உங்களை இங்க வெச்சுக்க முடியாதும்மா. எனக்கே கஷ்டமா இருக்கு" என்றார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதற்குப் பிறகு அண்ணி எல்லாவற்றையும் எண்ண ஆரம்பித்தார். பஸ்ஸில் ஜன்னல் கம்பிகளை எண்ணினார். சாப்பிடும்போது இடது கை விரல்கள் தொடையில் ஒவ்வொன்றாக மடங்கும். எண்ண எண்ணத் தப்பு அதிகமானது. கட்டிய தட்டைச் சந்தேகப்பட்டுப் பிரிப்பார், பாதியில் போன் அடிக்கும், ஓடுவார். திரும்பி வரும்போது யாராவது ஒன்று கேட்பார்கள், அதற்காக அடுத்த தட்டைத் திறப்பார். ஒரே மேஜையில் நான்கு தட்டுகள் திறந்து கிடக்கும். இடுக்கிகள் எல்லாம் கூடப்பிறந்ததுகள் மாதிரி ஒரே சாயல். எது எந்தத் தட்டிலிருந்து வந்தது என்று எந்தச் சாமிக்குத் தெரியும்? துடைப்பத்தோடு ஓரமாக நின்று நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அறையில் எனக்குப் பட்டப்பெயரே 'பூட்டு'. வைத்தவள் சுருட்டை. தட்டுக் கட்டுகிற இருவரில் மூத்தவள், வாய் ஓயாதவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் டி.வி.யில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் போட்டிருந்தார். சின்ன ஸ்டேஷன், ஒல்லியாக ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். ரயில் வரும்போதெல்லாம் அவர் ஓடிப்போய் ஒரு பெரிய வளையத்தை டிரைவர் கையில் மாட்டிவிடுவார். அண்ணி மடிக்க வேண்டிய துணியோடு அந்தப் பக்கம் போனவர் நின்றுவிட்டார்.

"எதுக்கு அந்த வளையம்?"

"அங்க ஒத்தைத் தடம்தான். ரெண்டு ரயில் எதிரெதிரா வந்தா முட்டிக்கும் இல்ல? வளையம் கையில இருக்கறவன்தான் தடத்துல போகலாம். மத்தவன் நிக்கணும்" என்றார் அண்ணன்.

"எவ்வளவு அவசரம்னாலும்?"

"ராஜாவே வந்தாலும் நிக்கணும்."

அண்ணி உட்கார்ந்தார். என் நினைவில் அவர் படம் பார்க்க உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. அரைமணி நேரம் இருக்கும். பிறகு என்னவோ தோன்றி எழுந்து அலமாரியைக் குடைய ஆரம்பித்தார். படம் முடிந்தபோது அவர் பரண் மேல் இருந்தார். இறங்கும்போது கையில் முழங்கைவரை ஏறும் அளவுக்கு ஒரு பெரிய இரும்பு வளையம், பழைய திரைச்சீலையில் மாட்டியிருந்தது. மீதிப் படத்தை நானும் அண்ணனும்தான் பார்த்தோம்.

மறுநாள் மேஜைக்கு மேலே ஒரு ஆணி அடித்து வளையத்தை மாட்டினார் அண்ணி. வளையத்தைக் கையில் போட்டவள் மட்டும் தட்டைத் திறக்கலாம். அதைக் கட்டி முடித்த பிறகுதான் வளையம் அடுத்தவளுக்கு. அதுவரை மற்றவர்கள் துடைக்கட்டும், துணி வெட்டட்டும், சீட்டு எழுதட்டும். வளையம் போட்டவளிடம் யாரும் பேசக் கூடாது, போனையும் அவள் எடுக்கக் கூடாது.

"அப்ப போனை யார் எடுக்கறது?" என்றாள் சுருட்டை.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் துடைப்பத்தைப் பார்த்தேன்.

"பூட்டா? விளங்கிடும். மணி அடிச்சு அடிச்சு அதுவே ஓஞ்சிடும்."

முதல் நாள் பதினாறு தட்டுதான் கட்ட முடிந்தது. வழக்கமாக இருபத்துநாலு. மேலேயிருந்து நொடிக்கொரு போன். நான் எடுத்து, "அவங்க கையில வேலை இருக்கு, முடிஞ்சதும் கூப்பிடுவாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். இந்த வளையமே வேலைக்கு உலை வைத்துவிடும் என்று அண்ணி பயந்தார். அந்த வாரம் மூன்று முறை அதை ஆணியிலிருந்து கழற்றப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். பதினைந்து நாளில் இருபத்துநாலும் மத்தியானத்துக்குள் முடிய ஆரம்பித்தது. கட்டியதைப் பிரிக்கிற வேலையே இல்லாமல் போயிற்று. நான்கு மாதம் ஒரு இடுக்கிகூடக் குறையவில்லை. அண்ணி பஸ்ஸில் கம்பிகளை எண்ணுவதை விட்டார்.

ஐந்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அண்ணி ஒரு தட்டைக் கட்டி முடிக்கும்போது வண்டிக்காரர் வந்து வாசலில் நின்றார். ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் கிளைக்குப் போய்க் கருவிகள் எடுத்துவர வேண்டும். அண்ணி சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. விபத்துக் கேஸ், எலும்பு ஆபரேஷனுக்கான கருவித் தட்டு இரண்டும் பதினொரு மணிக்குள் ஆவிப்பெட்டிக்குள் போயாக வேண்டும் என்றார்கள். மணி பத்தேகால்.

நான் சுருட்டையிடம் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஆணியைப் பார்த்தாள். ஆணி வெறுமனே இருந்தது.

"வளையம் எங்க?"

மேஜையின் அடியில் தேடினோம். குப்பையைக் கொட்டிப் பார்த்தோம். தட்டுக் கட்டுகிற இன்னொருத்தி, முன்பிருந்தவளுக்குப் பதிலாகப் போன மாதம்தான் சேர்ந்தவள், "அக்கா கையிலயே போட்டுட்டுப் போயிட்டாங்க" என்றாள். அண்ணியின் செல்போனோ பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. கருவி அறையில் யாரும் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது.

"அது வெறும் திரைச்சீலை வளையம்தானே" என்றேன்.

"நாலு மாசமா அதில்லாம தொடாதேன்னாங்க. இப்ப நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு திறந்து, ஏதாவது கலந்து, ஒண்ணு குறைஞ்சா போகப் போறது என் வேலை இல்ல, உங்க அண்ணி வேலை. நான் தொடமாட்டேம்மா."

அவள் சொன்னது தப்பில்லை. பத்தரை ஆனது. மேலேயிருந்து மறுபடி போன். "கட்டிட்டீங்களா?" என்று கேட்டார்கள். போனை வைத்துவிட்டேன். கட்டாவிட்டாலும் அண்ணிக்கு வேலை போகும், தப்பாகக் கட்டினாலும் போகும். என் காது இரண்டும் சுட்டது.

அப்போதுதான் அந்தப் படத்தின் முடிவு ஞாபகம் வந்தது. அதில் ஒருநாள் வளையம் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்துவிடும். அந்த ஒல்லி மாஸ்டர் என்ஜினில் ஏறி டிரைவர் பக்கத்தில் நின்றுகொள்வார். 'வளையம் தொலைந்தால் ஒரு ஆள்தான் வளையம். நான் ஏறாத ரயில் நகரக் கூடாது' என்பார். அண்ணி அப்போது பரண் மேல் இருந்தார். அவருக்கு இது தெரியவே தெரியாது.

"நான் நிக்கறேன்" என்றேன்.

"எங்க நிக்கறே?"

"உன் பக்கத்துல. நான் யார் பக்கத்துல நிக்கறேனோ அவங்க மட்டும் திறக்கலாம். மத்தவங்க தொடக் கூடாது."

சுருட்டை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பூட்டு திறந்துடுச்சுடி" என்றாள் புதியவளிடம். பிறகு முதல் தட்டை இழுத்தாள்.

நான் பட்டியலைக் கையில் எடுத்து வாய்விட்டுப் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒவ்வொரு பெயரும் வெளியே வருவதற்குள் சுருட்டை அந்தப் பொருளை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "சீக்கிரம் படிடி, அவன் எலும்பு தானா கூடிடப் போகுது." ஆனாலும் அவசரப்படவில்லை, அவசரமாகப் படிக்க எனக்குத் தெரியாது. முதல் தட்டு சரியாக இருந்தது. இரண்டாவதில் இருபத்தேழாவது பொருளைப் படித்தேன், அவள் கை காலியாக நின்றது. ஒரு சின்ன இடுக்கி. கழுவுகிற தொட்டியின் சல்லடையில் கிடந்தது. புதியவள் ஓடிப்போய் எடுத்துக் கழுவித் துடைத்து வந்தாள். ஆவிப்பெட்டியின் கதவை மூடும்போது பதினொன்றுக்கு நான்கு நிமிடம்.

அண்ணி திரும்பி வந்தபோது முழங்கைவரை ஏறியிருந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். வண்டியில் பாதி வழியில்தான் கையைப் பார்த்தாராம். நடந்ததைச் சுருட்டை சொன்னாள், என் குரலிலேயே எழுத்துக் கூட்டி. அண்ணி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "அந்தப் படத்துல அப்படியா வரும்?" என்றார்.

"முடிவுல வரும் அண்ணி."

அவர் நேராக மாடிக்குப் போனார். மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. வளையத்தைப் பெரிய சிஸ்டரின் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன், காத்திருந்த அந்தக் கால்மணி நேரம் முழுக்கப் படிகளை எண்ணினேன். இறங்கி வந்தவர், "எழுதி ஒட்டச் சொன்னாங்க" என்றார். கீழே வந்ததும் தாளும் பேனாவும் எடுத்தார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அண்ணி அதே பொறுப்பில் இருக்கிறார். மூன்றாவது புகார் இதுவரை வரவில்லை. வளையத்தை ஒரு நீளக் கயிற்றால் ஆணியோடு கட்டியிருக்கிறோம், மேஜையின் கோடிவரை எட்டும், வாசல்வரை எட்டாது. சுவரில் ஒட்டிய தாளில், வளையம் இல்லாவிட்டால் யார் நிற்க வேண்டும் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. போன் அடித்தால் நான் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் பேசுகிறேன். இன்று காலை அண்ணி வைத்துவிட்டுப் போன டம்ளர் ஜன்னல் திட்டில் இருந்தது, பாதி தேநீரோடு.