கஞ்சி போட்ட சேலை

அந்த மாதம் என் ஆராய்ச்சியைப் பற்றி யோசித்ததைவிட, நேர்முகத் தேர்வுக்கு என்ன உடுத்துவது என்றுதான் அதிகம் யோசித்தேன். தொண்ணூறுகளின் கடைசி. திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஐந்து வருடமாகத் தற்காலிக வேலை. காட்டு ஓடைகளில் இறங்கி, கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பொறுக்குவேன். நிரந்தரப் பணியிடம் ஒன்றே ஒன்று வந்திருந்தது. அடுத்த வருடம் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் வேறு கதி இல்லை.

கூட வேலை பார்த்த சேச்சி கறாராகச் சொல்லிவிட்டார். "பூ வேண்டா. மூக்குத்தி வேண்டவே வேண்டா. தமிழ்நாட்டுப் பாண்டின்னு இளக்காரமா நினைப்பாங்க. காட்டன் சாரி, நல்லா கஞ்சி போட்டு உடுத்திட்டு வா. அதாணு சயன்டிஸ்ட்."

மூக்குத்தி கல்யாணத்துக்குப் போட்டது. திருகு இறுகிக் கிடந்தது. எனக்குப் பைத்தியம் என்றே முடிவுகட்டி அம்மா சண்டைக்கு வந்தாள். "வட்டு புடிச்சிருக்காட்டீ ஒனக்கு? கட்டுனவன் நல்லா இருக்காண்டாமா?" கட்டியவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆரியசாலையில் ஓர் ஆசாரி தேங்காய் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் திருகினார். ஒரு வழியாகக் கழன்றது. மறுநாள் காலையில், நேர்முகத் தேர்வன்று, என் மூக்கு பழுத்த மிளகாய் மாதிரி வீங்கிச் சிவந்திருந்தது.

வராந்தாவில் எனக்குப் பக்கத்தில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். கசங்கிய சட்டை, அதில் இரண்டு பொத்தான் இல்லை, காலில் ரப்பர் செருப்பு. பாவம், இவனுக்கு எடுத்துச் சொல்ல யாருமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

உள்ளே ஐந்து ஆண்கள். முதல் கேள்வி, "ஜலதோஷமா?" அடுத்தவர் என் சேலையை ஏற இறங்கப் பார்த்தார். "இது காட்டு வேலையாச்சே. போனக்காடு மலையில அட்டை கடிக்கும், பாறை வழுக்கும். உங்களைப் பார்த்தா காலேஜ் டீச்சர் மாதிரி இருக்கு."

"மூணு வருஷமா அங்கதான் சார் போறேன். வீட்டுக்காரரோட பழைய பேண்ட்டைப் போட்டுக்கிட்டு ஓடையில இறங்குவேன்."

"வீட்டுக்காரர் பேண்ட்டா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். சிரித்து முடித்தபோது எனக்கான நேரமும் முடிந்திருந்தது. பூச்சியைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து எங்கள் பிரிவின் தலைவர் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆறுதல் சொல்வதாகவே நினைத்துச் சொன்னார். "வருத்தப்படண்டா. அந்தப் பையனைப் பாத்தியோ? சட்டையில பொத்தான் இல்லாததுகூட அவனுக்குத் தெரியல்ல. தலையில சயன்ஸ் மட்டும்தான். கமிட்டிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அலுப்பாக இருந்தது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்கிற மாதிரி அலுப்பு. பொத்தான் இல்லாத ரவிக்கையோடு நான் போயிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அவர் இன்னும் முடிக்கவில்லை. அந்தப் பையனுக்குக் காடு பழக்கமில்லையாம். ஒரு மாதம் நான் அவனோடு போய் ஓடைகளை எல்லாம் காட்டிக் கொடுக்க வேண்டுமாம்.

"சரி சார்" என்றேன்.