ஓரக்குச்சி இல்லாத சாலை

முதல் பனி விழுந்ததிலிருந்து, நினைவு தப்பிப்போன தௌனோ தன் மனைவி ஹில்க்காவின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னால் போதும் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

முப்பத்தெட்டு வருடம் அவன் பனி தள்ளும் வண்டி ஓட்டினான். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். ஓய்வு பெற்ற பிறகு, புதன்கிழமைகளில் நூலகத்துக்குப் போய், பாஸ்டல் என்னும் வண்ணச் சுண்ணக்கட்டியால் படம் வரையப் பழகினாள்.

ஜனவரியில் தங்கள் காட்டுச் சாலையை வரைந்தாள். வீட்டைப் பார்த்தாலாவது அவனுக்கு ஞாபகம் வரட்டும். இருபுறமும் நீலமாக மரங்கள், நடுவில் வெள்ளை, கோடியில் வீட்டின் மஞ்சள் ஜன்னல். சாலையின் விளிம்பு தெரிவதற்காகப் பனிக்கு முன்பே நட்டுவைக்கும் ஆரஞ்சுக் குச்சிகளை மட்டும் விட்டுவிட்டாள்; அழகைக் கெடுத்தன. பொடி உதிராமலிருக்க மருந்து தெளித்தால் வெள்ளை மங்கும் என்று அதையும் தெளிக்கவில்லை.

முதியோர் இல்லத்தில் படத்தை அவன் மடியில் வைத்தாள்.

"பாரு தௌனோ. எந்த இடம்?"

வெகுநேரம் பார்த்தான். "குச்சி எங்க?"

"எந்தக் குச்சி?"

"ஓரக்குச்சிதான். எந்தப் புத்திசாலி போட்ட ரோடு இது? இதுல தள்ளினா வண்டி பள்ளத்துல கெடக்கும். ஊரே என்னப் பாத்துச் சிரிக்கும்."

செவிலி மெர்வி சிரித்தாள். "ஐயா வேலைக்குக் கெளம்பிட்டாரு."

"சிரிக்காத பொண்ணே. கோடியில ஹில்க்கா தனியா இருக்கா."

ஹில்க்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாரு?"

"என் வீட்டுக்காரி. ஏழு மணி பஸ்ஸப் பிடிக்கணும் அவ. பனியத் தள்ளி வழி விடலேன்னா என்னை உரிச்சுடுவா."

"தௌனோ, நான்தான்..."

"தள்ளி நில்லுங்கம்மா. வண்டி வருது."

உள்ளங்கையைப் படத்தில் வைத்துத் தள்ளினான். வெள்ளை விலகியது. மரங்களின் நீலம் இழுபட்டது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள், நிறுத்த முடியவில்லை. விளிம்பு தெரியாத கை சாலையை விட்டு இறங்கி ஜன்னல்மேல் ஏறியது. மஞ்சள் சாம்பலானது.

"ஆச்சு. ஹில்க்காகிட்ட சொல்லிடுங்க, வழி..." நிறுத்தினான். விரலால் அந்தச் சாம்பலைத் தொட்டான். "இங்கதானே இருந்தா?"

சாம்பலை நகத்தால் சுரண்டினான்.

"ஹில்க்கா!" படத்துக்குள் குனிந்து கத்தினான். "ஹில்க்கா! ஹில்க்கா!"

"இங்க இருக்கேன்," என்றாள் அவள், அவன் காதருகே.

அவன் நீலம் படிந்த கையைத் தூக்கி அவளை அடக்கினான்.

"பேசாதீங்கம்மா. அவ குரல் கேக்காது."