வளையம் விழாத தட்டு

ஒரே வழிகாட்டியிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்கள் நானும் இன்னொருத்தியும். உணவில் இருக்கும் கிருமிகளுக்கு எந்த மருந்து கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பார்ப்பது வேலை. அவள் சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் கறிக்கடைகளில் கோழி வாங்கி வருவாள். நான் ஸ்ரீரங்கத்துக்காரி. கோழியைத் தொடமாட்டேன் என்று பாலையும் தயிரையும் எடுத்துக்கொண்டேன். அப்படியும் அம்மா, "தீர்த்தமாடிட்டு உள்ள வா" என்று குளிக்கச் சொல்லி வாசலில் நிறுத்துவாள்.

கிருமி பூசிய தட்டில் மருந்து தோய்த்த வில்லைகளை வைப்போம். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமியில்லாத வளையம் விழும். என் தட்டெல்லாம் அழகழகான வளையங்கள். அவள் தட்டில் கிருமி வில்லையின் விளிம்புவரை ஏறி உட்கார்ந்திருக்கும். மருந்தை எதிர்க்கும் மரபணு அவளுக்குத்தான் அகப்பட்டது. கட்டுரையும் மாநாடும் அவளுக்கே. எனக்கு வயிறு எரிந்தது.

"உனக்கென்ன, குடுத்து வெச்சவ" என்றேன்.

"நீயும் ஒரு நாள் கறிக்கடைக்கு வாயேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை. எனக்கென்று அடங்காத கிருமி ஒன்றாவது கிடைக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

போன கோடையில் வீட்டில் எல்லோரும் முக்கொம்பு அணைக்குச் சுற்றிப் பார்க்கப் போனோம். அப்பா மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிப் பிஞ்சு சாப்பிட்டார். முட்டை இருக்கும் என்று கேக்கைக்கூடத் தொடாதவர். சில நாளில் வயிற்றுப்போக்கு, விடாத காய்ச்சல், ஆஸ்பத்திரி. ரத்தத்தில் சால்மோனெல்லாக் கிருமி. வழக்கமான மருந்து எதற்கும் அடங்கவில்லை. பண்ணைக் கோழிக்கு மருந்து போடுகிறார்கள், அந்தக் கோழி எரு வெள்ளரி வயலுக்குப் போகிறது, மருந்துக்கு அடங்காத கிருமி அப்படியும் வந்திருக்கலாம் என்று அவள்தான் போனில் சொன்னாள். அதையும் அவளிடமிருந்தா கேட்கவேண்டும்?

பக்கத்துக் கட்டிலில் எடமலைப்பட்டி புதூரில் கோழிக்கடை வைத்திருப்பவர். அவருக்கும் சால்மோனெல்லாதான். ஆனால் சாதாரண மாத்திரைக்கே அடங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். வீட்டுக்குப் போக அவர் மனைவி துணிகளை மடித்துப் பையில் வைப்பதைப் பார்த்துப் பொருமினேன்.

"ஐயா சீக்கிரம் எழுந்துருவாங்க, கவலப்படாதீங்க" என்றார் கடைக்காரர். நல்ல மனுஷன்.

டாக்டர் வந்ததும் அம்மா கைகூப்பினாள்.

"அவருக்குக் குடுத்த மாத்திரையையே இவருக்கும் குடுங்கோளேன்."

நான் என்ன படிக்கிறேன் என்று டாக்டருக்குத் தெரியும். "நீங்களே அம்மாவுக்குச் சொல்லுங்க" என்று என்னைப் பார்த்தார்.

"அது அப்பாவுக்குக் கேக்காதும்மா."

அம்மா பக்கத்துக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு மட்டும் கேக்கறதே" என்றாள்.